உடன் நிற்பவர்க்கு என்ன பெயர்? (வாசகர் கேள்வி – பதில்)

உதவியாளர்களையும் துணைப்பணி புரிவோரையும் எந்தச் சொல்லால் குறிப்பது என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்கள், மற்றப் பொருள்களைப் பற்றி வந்தவற்றைக் காட்டிலும் மிகுதி. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான் பிழைதிருத்துநராக இருக்கிறேன். உதவி, துணை, இணை, கூடுதல், சார் ஆகிய ஐந்தும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: குடி முழுகாது, ஆனால் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து ஏறிய படியிலிருந்து அவரை ஒரே வரியில் கீழே இறக்கிவிடுவீர்கள். தமிழ்நாட்டு அரசுத் துறைகளில் இயக்குநருக்கு அடுத்தவர் கூடுதல் இயக்குநர். அவருக்குக் கீழே இணை இயக்குநர், பிறகு துணை இயக்குநர், அதற்கும் பிறகு உதவி இயக்குநர். வேளாண்மைத் துறையில் இந்தப் படிகள் அனைத்தையும் காணலாம். ஒரு செய்தியில் 'துணை' இருமுறை வந்துவிட்டதே என்று இரண்டாவதை 'உதவி' ஆக்கினால், அங்கே வேறோர் அலுவலர் வந்து நின்றுவிடுகிறார்.

'சார்' என்பதை இந்த ஏணியில் வைக்கக் கூடாது. சார் ஆட்சியர், சார்பதிவாளர், சார்பு நீதிபதி ஆகியோர் எவரும் மேலதிகாரியின் அருகில் அமர்ந்து அவருக்கு உதவி செய்வோர் அல்லர். சார் ஆட்சியர் தமக்கெனப் பிரித்துக் கொடுக்கப்பட்ட வருவாய்க் கோட்டத்துக்குத் தாமே தலைவர். சார்பதிவாளர் தம் அலுவலகத்தில் பத்திரங்களைத் தாமே பதிவு செய்கிறார். பெரிய அலுவலகம் ஒன்றைச் சார்ந்து இயங்கும் சிறிய அலுவலகத்தின் பொறுப்பாளர் என்பதே அந்த முன்னொட்டின் பொருள்.

பல்கலைக்கழகத்தில் மற்றொரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆளுநர் வேந்தர். உயர்கல்வித் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் இணைவேந்தர். இருவரையும் விட்டுவிட்டு, நாள்தோறும் நிருவாகத்தை நடத்துபவர் யார் என்று பார்த்தால் அவர் துணைவேந்தர். துணை என்னும் சொல்லைக் கண்டு அவரை இன்னொருவருக்கு உதவியாளர் என்று நினைத்துக்கொள்வோர் உண்டு. இதைவிட வியப்பானது 'நேர்முக உதவியாளர்' என்னும் பெயர். ஒரு திரைக்கலைஞரின் நேர்முக உதவியாளர் அவருடைய நாட்குறிப்பைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) என்பவரோ துணை ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர். இரண்டும் ஒரே பெயர்தான்.

இந்த வரிசையெல்லாம் அலுவலக நடைமுறை வகுத்தது, தமிழ் வகுத்தது அன்று. பழந்தமிழில் 'துணை' என்பதற்கு ஒப்பு, அளவு என்னும் பொருள்கள் உண்டு. 'எத்துணை', 'இத்துணை' என்று இன்றும் எழுதுகிறோம். தினைத்துணை நன்றியைப் பனைத்துணையாகக் கொள்வர் என்று குறள் (104) சொல்லும்போது, துணை என்பது தினை அளவையும் பனை அளவையும் குறிக்கிறது. அளவொத்து அருகில் நிற்பது துணை. அதனால்தான் வாழ்க்கைத் துணை என்பதில் மேல் கீழ் இல்லை. அலுவலகம் அதை எடுத்து நான்காம் படியில் வைத்துவிட்டது. இலங்கைத் தமிழர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டனர்: அங்கே பிரதி அமைச்சர், பிரதிப் பணிப்பாளர், உப பொலிஸ் பரிசோதகர் என்று வடமொழி முன்னொட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. மலேசியத் தமிழ் ஏடுகள் துணையமைச்சர் என்றே எழுதுகின்றன. எந்த நாட்டுச் செய்தியோ அந்த நாட்டு வழக்கை அப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒரு சிறு குறிப்பு: துணைத் தலைவர், உதவிப் பொறியாளர், இணைச் செயலாளர் என்பவற்றில் ஒற்று மிகும், கூடுதல் செயலாளர், சார்பதிவாளர் என்பவற்றில் மிகாது.

கேள்வி: மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். எங்களைச் 'செவிலியர்' என்கிறார்கள். பள்ளியில் செவிலி என்றால் வளர்ப்புத்தாய் என்று படித்தேன். நாங்கள் முறையாகப் படித்துத் தேர்வெழுதி வந்தவர்கள். தாய்மையை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. சங்க அகப்பாடல்களில் செவிலி, தலைவியை வளர்த்தவள். தலைவி தலைவனோடு சென்றுவிட்ட பிறகு பாலை வழியில் அவளைத் தேடிப் போகிறவள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அந்தச் சொல் நோயாளியைப் பேணுபவருக்கு வந்தது பிற்காலத்தில்தான். ஆனால் இந்தப் பாதையில் தமிழ் மட்டும் நடக்கவில்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'தாதி' என்னும் சொல்லுக்குள் இரண்டு வடசொற்கள் கலந்து கிடக்கின்றன: ஒன்று வளர்ப்புத்தாயைக் குறித்தது, மற்றொன்று பணிப்பெண்ணைக் குறித்தது. ஆங்கிலேயரின் 'நர்ஸ்' என்னும் சொல்லும் தொடக்கத்தில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தவளுக்கு உரியதாகவே இருந்தது. மூன்று சொற்களும் குழந்தையின் தொட்டிலருகே பிறந்து நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனால் உங்கள் தொழிலுக்குத் தாய்மையோடு தொடர்பில்லாத பழைய பெயர் ஒன்று தமிழில் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) எடுத்துப் பாருங்கள்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வான்என்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். சரக சங்கிதையும் மருத்துவத்துக்கு இதே நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. அங்கே இவருக்குரிய வடசொல்லின் பொருளும் அருகில் நிற்பவர் என்பதே. பரிமேலழகர் இவரிடம் இருக்க வேண்டியவை எவை என்று உரையில் அடுக்குகிறார்: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்து முடிக்கும் திறன், அறிவு. இந்த நான்கில் அன்பு ஒன்று மட்டுமே தாய்க்கும் பொது. மற்ற மூன்றும் பயிற்சியால் வருபவை. மருத்துவரையும் இவரையும் வள்ளுவர் ஒரே அடியில் வைத்து, நான்கு கூறும் சேர்ந்தால்தான் மருந்து என்று முடிக்கிறார். அங்கே ஒருவருக்கு மற்றவர் கையாள் இல்லை.

இதில் மற்றொரு நயமும் உண்டு. அமைச்சு அதிகாரத்தில் (638) அரசனுக்கு உறுதி கூறக் கடமைப்பட்ட அமைச்சரை 'உழையிருந்தான்' என்கிறார். அரசனின் பக்கத்தில் இருப்பவருக்கும் நோயாளியின் பக்கம் செல்பவருக்கும் அதே உழை. இதற்காகச் 'செவிலியர்' என்பதை மாற்றச் சொல்ல மாட்டேன். அது வேரூன்றிவிட்டது, ஆண் பெண் இருபாலர்க்கும் பொருந்துகிறது. மருத்துவமனையில் நோயாளியுடன் தங்கும் உறவினருக்கு நாம் 'அட்டெண்டர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அவரை 'உழையிருப்பவர்' என்று ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் முன்பு பியூன் என்றோம், பிறகு சிப்பந்தி, இப்போது அலுவலக உதவியாளர். பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் மதிப்பு கூடிவிடுமா? இந்தச் சொற்கள் எங்கிருந்துதான் வந்தன?

பதில்: பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து. பியூன் என்பது போர்த்துக்கீசியர் காலாட்படை வீரனைக் குறித்த சொல். சிப்பந்தி பாரசீக மூலத்திலிருந்து வந்தது; கோட்டைக் காவலுக்கும் வரி தண்டுவதற்கும் அமர்த்தப்பட்ட, முறையான படையைச் சேராத வீரர்களுக்கு அது பெயராக இருந்தது. டபேதார் குதிரைப்படையில் ஒரு பதவிப் பெயர். இன்றைக்கு ஆட்சியருக்கு முன்னால் வழிவிலக்கிச் செல்பவர் அந்தப் பெயரைத் தாங்குகிறார். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக வரும் வாரையும் அதில் பொருத்திய பித்தளை வில்லையையும் 'டவாலி' என்பார்கள். அணியைக் குறித்த அந்தச் சொல்லே அணிந்தவரையும் குறிக்கலாயிற்று.

சேவகர் என்பதன் கதைதான் இவற்றுள் சுவையானது. வடமொழியில் பணி செய்பவன் என்று பொருள்பட்ட சொல், தமிழுக்கு வந்ததும் வீரன் ஆகிவிட்டது. கம்பர் இராமனைச் சேவகன் என்று சொல்லும்போது வேலைக்காரன் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. சேவகம் என்றால் அங்கே வீரம். சில நூற்றாண்டுகள் கழித்துச் சேவகர் வாளை வைத்துவிட்டுக் கோப்புகளை எடுத்துக்கொண்டார். பாரதியார் 'கண்ணன் என் சேவகன்' பாடிய காலத்தில் அது வீட்டு வேலையாளைக் குறிக்கும் சொல்லாக முழுவதும் மாறியிருந்தது.

எனவே பெயர் மாற்றம் மதிப்பைத் தானாகக் கொண்டுவருவதில்லை என்ற உங்கள் ஐயத்தில் உண்மை உண்டு. படைவீரன் என்ற பெயரே தேய்ந்து மணியடித்தால் ஓடிவருபவர் என்று ஆகும்போது, 'உதவியாளர்' எம்மாத்திரம்? எனினும் சில மாற்றங்கள் தேவையானவை. 'கடைநிலை ஊழியர்' என்று எழுதுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஊதியப் பட்டியலில் கடைசி வரியில் இருப்பது ஒருவருடைய பெயராக முடியாது. நடுவண் அரசு ஆறாம் ஊதியக் குழுவுக்குப் பிறகு நான்காம் பிரிவையே எடுத்துவிட்டுப் பல்நோக்குப் பணியாளர் என்ற பெயரைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் ஆனார்கள். பழைய பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்த மாற்றத்தை வெறும் பூச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: 'எடுபிடி', 'அடிப்பொடி', 'கைத்தடி', 'ஒத்து ஊதுபவர்' என்ற சொற்களை அரசியல் கட்டுரைகளில் தாராளமாகக் காண்கிறேன். இவை தொடக்கத்திலிருந்தே வசைச் சொற்கள்தாமா?

பதில்: எடுபிடியில் வசையே இல்லை. 'எடு', 'பிடி' என்ற இரண்டு ஏவல்களைச் சேர்த்து அவற்றைக் கேட்பவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதில் உள்ள குறை வேறு: ஏவுபவரின் குரல் மட்டும் அதில் கேட்கிறது, எடுப்பதற்கும் பிடிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்பது கேட்பதில்லை. கைத்தடி வெறும் ஊன்றுகோல். கையாள் சில வட்டாரங்களில் இன்றும் கொத்தனாரின் உதவியாளரைக் குறிக்கும் நேரான தொழிற்சொல். நாளேட்டில் வரும்போதுதான் அவர் சதிகாரர் ஆகிவிடுகிறார்.

அடிப்பொடிக்கு நேர்ந்தது பெரிய சரிவு. பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவரான விப்பிரநாராயணர், தொண்டர்களின் காலடித் தூசி என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டு தொண்டரடிப்பொடி ஆனார். தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும்போது பணிவாக இருந்த சொல், பிறரைச் சுட்டும்போது இழிவாக மாறிவிட்டது. அதே பெயரின் முற்பாதியான 'தொண்டர்' மட்டும் கட்சிக்கொடியைப் பிடித்துக்கொண்டு மரியாதையோடு பிழைத்திருப்பது மொழியின் விளையாட்டு.

ஒத்து ஊதுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே நம் வழக்கு உண்மைக்கு நேர்மாறாகப் போய்விட்டது. ஒத்து என்பது நாகசுரத்தைப் போன்ற தோற்றமுள்ள, விரல் வைத்து ஸ்வரம் மாற்றும் துளைகள் இல்லாத ஊதுகருவி. அதில் ராகம் வராது. ஒரே சுருதி மட்டும் வரும். நாகசுரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தலாம், தவிலுக்கு இடம்விட்டு ஓயலாம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையசைக்கலாம். ஒத்துக்காரருக்கு அந்த உரிமை இல்லை. கன்னத்தில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, அந்தக் காற்று வெளியேறும் நேரத்திலேயே மூக்கால் புதுக்காற்றை இழுத்து, ஒலி அறுபடாமல் மணிக்கணக்கில் ஊதுவார். அந்த ஒலி ஒரு நூலளவு இறங்கினாலும் முன்னால் வாசிப்பவரின் ராகம் தடம்புரளும். தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர் ஒத்து ஊதுகிறார் என்கிறோம். மெய்யான ஒத்துக்காரரோ தலைமைக் கலைஞர் எங்கே போனாலும் தாம் இடம் மாறாமல் நிற்பவர், முன்னவர்தாம் இவரைப் பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சுருதிப்பெட்டி வந்த பிறகு அந்தக் கலைஞர்கள் அருகிவிட்டார்கள். வசை மட்டும் மிச்சமிருக்கிறது. 'பின்பாட்டுப் பாடுதல்', 'தாளம் போடுதல்', 'ஜால்ரா' எல்லாம் இதே வகையில் மேடையிலிருந்து பிடுங்கப்பட்டவை. கட்டுரையாளர்களுக்கு வசைதான் வேண்டுமென்றால் 'துதிபாடி' இருக்கிறதே, கலைஞர்களை ஏன் இழுக்க வேண்டும்?

கேள்வி: கட்டுமானத் தொழிலாளர்க்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஹெல்பர்' என்ற சொல் ஐம்பது இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் 'உதவியாளர்' என்று போட்டுவிடலாமா? 'சித்தாள்' என்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள்.

பதில்: போடக் கூடாது, போட்டால் கையேட்டைப் படிப்பவர் யாரைச் சொல்கிறீர்கள் என்று தேட வேண்டிவரும். சித்தாள் என்பது சிற்றாள் என்பதன் பேச்சு வடிவம். காற்று காத்து ஆவதைப் போல. இன்று அது பெரும்பாலும் பெண்களைக் குறிக்கிறது. ஆண் உதவியாளரைப் பெரியாள் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. ஐம்பது வயதுப் பெண்ணைச் சிற்றாள் என்பதும் இருபது வயது இளைஞனைப் பெரியாள் என்பதும் நமக்கு உறுத்தவேண்டும். வயதைக் கொண்டு உதவியாளரைக் குறிக்கும் பழக்கம் மிகப் பழையது: சங்கப் பாடல்களில் தலைவனின் தேரோடு செல்லும் ஏவலர்க்கு 'இளையர்' என்று பெயர். நரைத்த தலையோடு தேநீர் கொண்டுவருபவரைப் 'பையன்' என்று கூப்பிடுகிறவர்கள் அந்த மரபை அறியாமலே பின்பற்றுகிறார்கள்.

கையேட்டுக்கு என் யோசனை, வேலையைப் பெயராக்குங்கள். சித்தாள் என்று ஒரே சொல்லில் அழைக்கப்படுபவர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று கட்டடத்தின் அடியில் நின்று பார்த்தால் தெரியும். செங்கல்லை முன்கூட்டியே நீரில் நனைத்து வைக்காவிட்டால் அது கலவையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சுவரைப் பலவீனமாக்கும். எவ்வளவு நேரம் நனைந்தால் போதும் என்பது அவருக்குத் தெரியும். கலவையில் நீர் மிகுந்தால் கல் வழுக்கும், குறைந்தால் கரணையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார் குனிந்து கேட்பதற்கு முன்பே, முந்தைய சட்டி எந்த வேகத்தில் தீர்கிறது என்று பார்த்து அடுத்த சட்டியை அனுப்புவார். விபத்துகளும் இந்த வேலைகளின் வரிசையில்தான் நேர்கின்றன. ஆகவே 'கலவை போடுபவர்', 'சுமை ஏற்றுபவர்', 'சாரத்தின் கீழே நிற்பவர்' என்று எழுதினால், எந்த எச்சரிக்கை தமக்கு என்று படிப்பவர் உடனே கண்டுகொள்வார். பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் மட்டும் 'துணைத் தொழிலாளர்' போதும்.

லாரி பற்றிய பகுதி உங்கள் கையேட்டில் இருந்தால் 'கிளீனர்' என்பதையும் கவனியுங்கள். வண்டியைத் துடைப்பது அவர் வேலையில் மிகச் சிறிய பங்கு. வண்டி பின்வாங்கும்போது இறங்கிப் பின்னால் நின்று குரல் கொடுப்பவரும், சரிவில் நிறுத்தியதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பவரும் அவர்தாம். ஆபத்து அவருக்கே முதலில்.

கேள்வி: விருது பெறுகிறவரும் துணை நடிகர், கூட்டத்தில் ஒருவராக நிற்பவரும் துணை நடிகர். இது எப்படி?

பதில்: தமிழில் இந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொண்டோம். தேசியத் திரைப்பட விருதில் சிறந்த துணை நடிகர் என்பவர், கதையில் பெயரும் குணமும் உள்ள ஒரு பாத்திரத்தை ஏற்றவர். படப்பிடிப்பில் நாட்கூலிக்கு வந்து சந்தையிலோ ஊர்வலத்திலோ நிற்பவரை முன்பு எக்ஸ்ட்ரா என்றார்கள். உபரி என்று பொருள்படும் அந்தச் சொல் புண்படுத்தியதால் அவர்களும் துணை நடிகர் ஆனார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் இருவரையும் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. முன்னவரைக் 'குணச்சித்திர நடிகர்' என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் அதையே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: கைப்பேசியில் பேசினால் பதில் சொல்லும் மென்பொருளை 'மெய்நிகர் உதவியாளர்' என்று எழுதுகிறார்கள். 'உதவியாளர் சொன்னார்' என்று எழுதுவதா, 'சொன்னது' என்று எழுதுவதா?

பதில்: தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதைக் கொண்டுதான் தொடங்குகிறது: 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே'. மக்கள் என்று கருதப்படுபவை உயர்திணை, மற்றவை அஃறிணை. மென்பொருளுக்கு 'ஆளர்' விகுதியைச் சூட்டியவுடன் 'சொன்னார்' என்று எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. பிறகு அதனிடம் மரியாதையாகப் பேச வேண்டுமா என்று குழந்தைகள் கேட்கிறார்கள். கணினி, வருடி, உலாவி, செயலி என்று கருவிகளுக்கு இகரத்தில் முடியும் பெயர்களைப் பழக்கிக்கொண்ட நமக்கு, 'உதவி' என்ற சொல்லே கையில் இருக்கிறது. 'குரல்வழி உதவி சொன்னது' என்று எழுதுங்கள்.

கேள்வி: பாடநூலில் 'வேலைக்காரி' என்ற சொல்லைப் படித்த என் மகள், 'வேலைக்காரர்' என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். நான் என்ன சொல்ல?

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். 'காரர்' என்ற விகுதியில் இழிவு இல்லை. பாட்டுக்காரர், கடைக்காரர், வீட்டுக்காரர் எவரும் அதனால் தாழ்ந்துவிடவில்லை. 'வேலைக்காரர்' என்ற சொல்லும் வழக்கில் உண்டு, ஆனால் வேறு பொருளில்: 'அவர் நல்ல வேலைக்காரர்' என்றால் கைதேர்ந்த தச்சரையோ கொல்லரையோ பாராட்டுகிறோம். வீட்டில் வேலை செய்பவருக்கு மட்டும் அந்த 'ர்' கிடைக்கவில்லை. உறவுமுறை வைத்து அக்கா, அம்மா, ஆயா என்று அழைப்பது அன்பாகத் தோன்றினாலும், ஊதியமும் விடுப்பும் பேச வேண்டிய இடத்தில் உறவு குறுக்கே வந்துவிடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 189 ஆம் உடன்படிக்கை, வேலை உறவின் அடிப்படையில் வீட்டுவேலை செய்பவர் எவரோ அவரே வீட்டுப் பணியாளர் என்று வரையறுக்கிறது. எழுத்தில் 'வீட்டுப் பணியாளர்' என்பதே சரி. நேரில் அழைப்பதற்கு அவருடைய பெயர் இருக்கிறது.

கேள்வி: சரித்திரக் கதை எழுதுகிறேன். அரசியுடன் எப்போதும் இருக்கும் ஒரு பெண்ணைச் 'சேடி' என்று எழுதினேன். நண்பர் ஒருவர் 'தோழி' என்று மாற்றச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. சேடியும் சிலதியும் ஏவல் பெண்கள். பூத்தட்டை ஏந்துவார்கள், விளக்கைத் தூண்டுவார்கள். ஆயம் என்பது கூடி விளையாடும் மகளிர் கூட்டம். தோழி இவர்களுள் ஒருத்தியாக இருந்தும் வேறானவள். அவள் யார் என்பதைத் தொல்காப்பியம் களவியலில் இரண்டே அடியில் சொல்லிவிடுகிறது: 'தோழி தானே செவிலி மகளே, சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே'. செவிலியின் மகளாகத் தலைவியோடு ஒன்றாய் வளர்ந்தவள், ஆனால் அந்தப் பிறப்பினால் மட்டும் அவள் தோழி ஆகிவிடுவதில்லை. சூழ்தல், அதாவது எண்ணி ஆராய்தல் செய்யவும், தலைவி கலந்து கேட்பதற்குத் துணையாகவும் இருந்தால்தான் சிறக்கிறாள். உசாவுதல் கேட்டு ஆராய்தல். கேட்டு ஆராய்வதற்குரிய துணை உசாத்துணை. இலங்கையில் நூலின் இறுதியில் மேற்கோள் நூல்களைப் பட்டியலிடும்போது 'உசாத்துணை' என்று தலைப்பிடுவார்கள்.

சிலப்பதிகாரத்தில் வசந்தமாலையைப் பாருங்கள். மாதவி தாழை மடலில் எழுதிய கடிதத்தைக் கூலக்கடைத் தெருவில் கோவலனைக் கண்டு கொடுப்பவள் அவள்தான். கோவலன் ஏற்க மறுக்க, அந்தச் செய்தியைத் திருப்பிக் கொண்டுவந்து மாதவியிடம் சொல்ல வேண்டியவளும் அவளே. கொடுத்துவிட்டு வந்தாள் என்ற அளவில் எழுதினால் அவள் சேடி. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள் என்று எழுதினால் தோழி. உங்கள் கதையில் அரசி அந்தப் பெண்ணிடம் ஏதேனும் கருத்துக் கேட்கிறாளா? கேட்கிறாள் என்றால் நண்பர் சொன்னபடி மாற்றிவிடுங்கள். பூத்தட்டோடு உள்ளே வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போகிறாள் என்றால் சேடியே இருக்கட்டும்.